மூன்றாம் சிலிண்டர்

ஆயிரம் குதிரை வேணும் என்றான் ஹுமைத்.
இருப்பது ஆறு சிலிண்டர்,
பதினெட்டு வருஷத்துப் பழைய பேட்ரோல்.
எண்ணூறு என்றேன்.
தொள்ளாயிரம் என்றான், மீன் பேரம் மாதிரி.

ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில்
பதினேழு ராத்திரி அதன் நெஞ்சு திறந்தே கிடந்தது.
கழற்றிய பிஸ்டனில் ஒன்று
குல்ஜமானுக்குச் சாம்பல் கிண்ணம் ஆயிற்று.
பூசணிக்காய் அளவு டர்போ.
ஹெட் போல்ட்டை மூன்று சுற்றாக முறுக்கினேன்.
கடைசிச் சுற்றில் இரும்பு ஒரு சொல் சொல்லும்,
அதற்கு மேல் கை போகக் கூடாது.

டைனோவில் ரெய்னால்டோ லேப்டாப்பைத் திருப்பினான்:
எண்ணூற்று எழுபத்திரண்டு.
ஹுமைத் திரையை முத்தமிட்டான்.

லிவா. ஜனவரிக் குளிர், கரக் டீ,
சுவராக எழுந்து நிற்கும் மணல்.
வண்டி அதைக் கிழித்துக்கொண்டு ஏறியபோது
எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள்.
நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

உச்சிக்குக் கொஞ்சம் முன்னால்
அந்த அலறலுக்குள்ளே
ஒரு டிக்.
பூட்டிய அறையிலிருந்து யாரோ
நகத்தால் கதவைத் தட்டுகிற மாதிரி.
மூன்றாவது சிலிண்டர்.

மேலே போய்விட்டான். ஹாரன்கள், கூச்சல்.
யாரோ என் முதுகில் தட்டினார்கள்.
இறங்கி வந்து ஹெல்மெட்டைக் கழற்றாமலே
எப்படி உஸ்தாத் என்றான்.
பிரமாதம் என்றேன்.
பானெட்டில் வைத்த கை சுட்டது, எடுக்கவில்லை.

வீடு வரைக்கும் நானே ஓட்டப் போறேன் என்றான்.
வேண்டாம், டிரெய்லரில் ஏற்று.
ஏன்?

டயர் தேயும் என்றேன்.