முப்பத்தாறாம் வாரம்

டுலூத்தில் பிப்ரவரி. ஏரி உறைந்து கிடக்கிறது.
வக்கீல் ஓஸ்தர்பெர்க் அம்மாவின் மேசையில்
இரண்டு தீவுகள்,
ஆளுக்கொரு கிளிப் போட்டு.

வீட்டைப் பிரித்தாயிற்று.
படகு அவனுக்கு,
படகை இழுக்கும் வண்டி எனக்கு.
நாய் தானே முடிவு செய்துகொண்டது.
மிச்சம் இவைதான்:
அரூபாவில் ஏழாம் வாரம்,
சிண்ட் மார்ட்டனில் முப்பத்தாறாம் வாரம்.
வருடத்துக்கு ஏழே நாள் நமக்குச் சொந்தமாகிற நிலம்.
"நீங்கள் முதலில் சொல்லுங்கள், மேவிஸ்" என்கிறார்,
ஐஸ்கிரீம் கடையில் கேட்பதுபோல.

பத்தொன்பது வருடம் முன்பு வாங்கினோம்.
காலைச் சாப்பாடு இலவசம் என்றார்கள்.
தொண்ணூறு நிமிடம்தான் என்றார்கள்,
வெயில் சாயும்வரை விடவில்லை.
விற்ற பையன் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி
எங்கள் முன் குப்புற வைத்தான்.
அர்லன் கையெழுத்துப் போட்டுவிட்டு
பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டான்.

அரூபா நல்ல தீவு.
புயல்கள் அதன் தலைக்கு மேலாக வேறெங்கோ போய்விடும்.
காற்று ஒரே பக்கமிருந்து வீசும்.
மரங்களெல்லாம் தென்மேற்கே சாய்ந்து
யாரோ படிய வாரிவிட்டதுபோல நிற்கும்.
குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம்.
லிப்ட் ஓடும்.
ஆஸ்பத்திரி பதினோரு நிமிடம்;
உடம்புக்கு ஒன்றும் இல்லாதபோதே
அர்லன் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தான்.
அங்கே நாங்கள் ஒருநாளும் சண்டை போட்டதில்லை.
என்ன பேசினோம் என்றும் நினைவில்லை.

சிண்ட் மார்ட்டன் வாரம் செப்டம்பரில்.
அதனால்தான் மலிவு.
புயலுக்குப் பெயர் வைத்துக் காத்திருக்கும் மாதம்.
ஒருமுறை கூரை போனது.
எங்கள் பங்கு இரண்டாயிரத்து நானூறு டாலர் என்று
கடிதம் வந்தது,
இல்லாத கூரைக்கு.
நீச்சல்குளத்தின்மேல் விமானம் தாழ்ந்து வரும்.
பேச்சு பாதியில் நிற்கும்.
அது போனபிறகு விட்ட இடத்தைத் தேடவேண்டும்.
சிலவற்றை நாங்கள் தேடவில்லை.

ஒரு வருடம் மூன்று நாள் மின்சாரம் இல்லை.
குளிர்பெட்டியில் இருந்ததெல்லாம் உருக உருக
பக்கத்து அறைக் கயானாக்காரர்களோடு
பால்கனியில் உட்கார்ந்து தின்று தீர்த்தோம்.
அவர்கள் தூங்கப் போனபின்
அர்லன் அழுதான், தன் அண்ணனுக்காக.
அண்ணன் செத்து அப்போது ஒன்பது வருடம்.
எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.
கையில் கரண்டியோடு நின்றேன்.
விடியும்வரை கீழே வைத்ததாக ஞாபகம் இல்லை.

ஊர் வந்து பெட்டியைத் திறந்தால்
ஈரத் துண்டுக்குள் அந்தக் கரண்டி.

காலி செய்யும் நாளில் பட்டியல் பார்ப்பார்கள்.
தட்டு ஆறு. கோப்பை ஆறு. கரண்டி ஆறு.
மறுவருடம் ஒலிண்டா இழுப்பறையைத் திறந்து
விரல்வைத்து எண்ணினாள். ஐந்து.
என்னைப் பார்த்தாள்.
ஆறு என்று எழுதினாள்.
அன்றிலிருந்து வருடாவருடம் ஆறு என்றே எழுதுகிறாள்.
கொண்டுபோய் வைத்துவிடலாம்.
ஒவ்வொரு செப்டம்பரும் மறந்துவிடுகிறேன்.
மறதி என்பது அதற்குச் சரியான சொல் இல்லை.

"மேவிஸ்?"

அர்லன் ஜன்னல் பக்கம் திரும்பியிருக்கிறான்.
அவனுக்கு அரூபா வேண்டும்.
நானும் அதையே கேட்பேன் என்று
அவன் கழுத்து நரம்பு புடைத்திருக்கிறது.

சொல்கிறேன்.
வக்கீலம்மா இரண்டுமுறை கேட்கிறார்.
கூரை? போட்டுவிட்டார்கள்.
பராமரிப்புக் கட்டணம்? கட்டிக்கொள்கிறேன்.
மறுபடி விற்கவே முடியாதே? முடியாதுதான்.
காரணம் என்ற கட்டத்தில் பேனா நிற்கிறது.
கரண்டி என்று எப்படிச் சொல்ல?
"சொந்த விருப்பம்" என்று அவரே எழுதிக்கொள்கிறார்.

வெளியே என் வண்டியின் கண்ணாடியில்
விரல்கனம் பனி.
அர்லன் தன் வண்டியைச் சுரண்டி முடித்துவிட்டு
பழக்கதோஷம், என்னுடையதையும் சுரண்டுகிறான்.
ஓரம்வரை, ஒழுங்காக.
நன்றி சொல்லலாமா என்று யோசிப்பதற்குள்
நாலடி போய்விட்டான்.
திரும்பாமலே சொல்கிறான்:

"மெழுகுவர்த்தி அங்கே
அடுப்புக்குக் கீழே, இரண்டாவது இழுப்பறையில்."