அடைப்புக்குறி

சரவணையைப் பிறப்பிடமாகவும்
சுவிஸ் ஓல்டனை வதிவிடமாகவும் கொண்ட
நாகமுத்து குலவீரசிங்கம் அவர்கள்...
இதுவரை எழுதியாயிற்று.

பதினெட்டு வருடம் இரவில் ரயில்பெட்டி கழுவியவர்,
மருந்துத் தண்ணீர் மணக்க வீடு வந்து
விடியமுன் எனக்குப் பாணுக்குள் சம்பல் வைத்துச்
சுற்றித் தந்தவர்.
அதற்கெல்லாம் அறிவித்தலில் இடமில்லை.
மகன், மருமகன், கணவர், தந்தை, மைத்துனர்:
ஓர் ஆளை உறவுறவாய்ப் பிரித்து அடுக்க
அரைப் பக்கம்.

"சகோதரர் பகுதியில நிக்கிறம் அக்கா"
பேர்னிலிருந்து, வடிவமைக்கிற பெடியன்.
"ஜெயசீலன்.
முன்னுக்குக் காலஞ்சென்ற எண்டு போடவோ, விடவோ?"

சித்தப்பா
வட்டுவாகலில் பஸ் ஏறினதைக் கண்டவர் உண்டு.
இறங்கினதைக் கண்டவர் இல்லை.

சூரிச்சில் பெரிய மாமி செத்த முப்பத்தொன்றுக்கு
அச்சடித்த கல்வெட்டில்
யாரோ அந்தச் சொல்லைப் போட்டுவிட,
மண்டபத்து வாசலில் குந்தியிருந்து
இருநூறு பிரதியிலும்
நீலப் பேனையால் வெட்டினார் அப்பா.
சோறு ஆறிப்போனது.
ஒருவரும் கிட்டப் போகவில்லை.

"அக்கா, லைனில இருக்கிறியளோ?"

ஜன்னலில் ஓல்டன் புகார்.
பாலம் பாதிதான் தெரிகிறது.
அம்மா அடுப்படியில் நின்று தலையாட்டுகிறா,
ஓமென்றா இல்லையென்றா விளங்கவில்லை.
அவரின் பேனை
இன்னும் ஜக்கெட் பையில்தான் கிடக்கும்.

"அந்தச் சொல் வேண்டாம்" என்கிறேன்.

"சரி. அப்ப உயிரோட இருக்கிறவைக்கெல்லாம்
அடைப்புக்குறிக்குள்ள நாடு வருது அக்கா.
தவமலர் (கனடா), இராசகுலம் (பிரான்ஸ்).
இவருக்கு
எந்த நாடு போட?"