நைட் ஹால்ட், கீரிப்பாறை

ஒரு விசில் என்றால் நிற்கணும்.
இரண்டு என்றால் போகணும்.
இருபத்திரண்டு வருஷத்தில் நான் படித்த
இலக்கணம் இவ்வளவுதான்.

சினிமாக்காரர்களும் அதைத்தான் கேட்டார்கள்.
கீரிப்பாறையில் ராத்திரி தங்கும் வண்டி,
காலை ஐந்து பத்துக்கு வடசேரிக்குப் புறப்படும்.
அதற்கு முன்னால் ஒரு மணிநேரம்
வண்டியும் வேண்டும், ஆளும் வேண்டும்.
டெப்போவில் பணம் கட்டிய ரசீது கையில் இருந்தது.

கதை இதாக்கும், ஓய்:
மாசிலாமணி ஊர் ஊராய்ப் போய்
ரப்பர் ஷீட் அடிக்கிற ரோலரைப் பழுது பார்ப்பவன்.
ஒரே ஊரில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை கண்டதில்லை.
இந்த மலையடியில் மட்டும்
ஒரு மழைக்காலம் முழுக்கத் தங்கிவிட்டான்,
பால்வெட்டும் தங்கலீலாவின் வீட்டுச் சாய்ப்பில்.
இரு என்று அவள் சொல்லவில்லை.
துணி காயும் கொடியை மட்டும்
இன்னும் இரண்டு முழம் நீட்டிக் கட்டினாள்.

கடைசிக் காட்சி.
ஒரு கால் மண்ணில், ஒரு கால் படிக்கட்டில்.
அவள் புகைப்புரை வாசலில், கையில் விளக்கு.
நான் கேட்கணும்: "எங்க?"
அவன் சொல்லணும்: "கடைசி ஸ்டாப்பு."
புறப்படுகிற இடமே கடைசி ஸ்டாப்புதானே சார் என்றேன்.
டைரக்டர் கொஞ்சநேரம் என்னைப் பார்த்துவிட்டு
அதை ஒரு துண்டுத்தாளில் குறித்துக்கொண்டார்.

அவருக்கே தெரியவில்லை, அதுதான் சங்கதி.
ஏற்றியும் எடுத்தார், இறக்கியும் எடுத்தார்.
இறங்கினால் இவர் தலையில் கைவைத்தார்,
ஏறினால் தயாரிப்பாளர்.
பொய் டிக்கெட் கொண்டுவர மறந்திருந்தார்கள்.
ஆறு டேக்குக்கும் நிஜ டிக்கெட் கிழித்தேன்,
இரண்டு ரூபாய் எண்பது வீதம்,
என் கைக்காசு.
டிரைவர் ஏசுவடியான்
ஸ்டீரிங்கில் நெற்றிவைத்து உறங்கிப்போனான்.

ஏழாவது டேக்கில் மணி ஐந்து பன்னிரண்டு.
தடிக்காரன்கோணத்தில் பலாப்பழத்தோடு நிற்பார்கள்,
பூதப்பாண்டியில் அந்த நர்ஸ் வாட்சைப் பார்ப்பாள்.
"எங்க?" என்றேன்.
அவன் வாயைத் திறந்தான்.
நான் இரண்டு விசில் அடித்துவிட்டேன்.

ஏசுவடியான் உறக்கத்திலேயே கியர் போடுகிறவன்.
வண்டி நகர்ந்தது, படியிலிருந்த கால் வழுக்கியது.
கையை நீட்டிக்கொண்டு பத்தடி ஓடினான் மாசிலாமணி,
சேற்றில் ஒரு செருப்பை விட்டுவிட்டு.
பிடித்து ஏறவா, வேண்டாம் போ என்று சொல்லவா,
கை இரண்டுக்கும் நடுவில் நின்றது.
"கட்" என்று யாரும் சொல்லவில்லை.

படத்தில் அதுதான் வந்தது.

நாகர்கோவிலில் மத்தியான ஆட்டம்,
நானும் ரீத்தாபாயும்.
பின்வரிசையில் இரண்டு கல்லூரிப் பையன்கள்.
சுதந்திரம் என்றான் ஒருவன், விதி என்றான் மற்றவன்.
அது வடசேரி டைம் கீப்பருக்குப் பயந்து என்று
நான் திரும்பிச் சொல்லவில்லை.
மாசத்தில் பதினைந்து ராத்திரி,
மூன்றுபேர் சீட்டில் முழங்காலை மடக்கி
நின்ற வண்டிக்குள் படுக்கிறவன் நான்.
போகிறவனா இருக்கிறவனா என்று
என்னிடம் யாரும் கேட்டதில்லை.

பஸ்ஸுக்கு நிற்கையில் ரீத்தாபாய் சொன்னாள்:
"போற எண்ணம் உள்ளவன்
செருப்பு வாரை இறுக்கிப் போட்டிருப்பான்.
அவன் சும்மா, முற்றத்துக்கு எறங்குறவன் மாதிரி
காலை நுழைச்சிட்டு வந்திருக்கான், பாத்தியளா?"

நான் குனிந்து என் செருப்பைப் பார்த்தேன்.

அன்றைக்கு ராத்திரி நாங்கள் திரும்பி வந்தபோது
அந்த ஒற்றைச் செருப்பு சேற்றிலேயே கிடந்தது.
சினிமாக்காரர்கள் போய்விட்டிருந்தார்கள்.
ஏசுவடியான் அதைக் கழுவி
டூல்ஸ் பெட்டிக்குள் போட்டான், ஜாக்கிக்குப் பக்கத்தில்.
இப்போதும் அங்கேதான் இருக்கிறது.
கீரிப்பாறைக்கும் வடசேரிக்குமாய்
நாளொன்றுக்கு எட்டு நடை.