இருபத்து நாலு

மாநாட்டின் மூன்றாம் நாள் காலையில் கூட்டம் இல்லை.
மாலை ஆறுக்குத்தான் செய்தி.
பந்தலில் பத்தாயிரம் நாற்காலிகள்
வெயிலைக் கேட்டுக்கொண்டிருக்க
நாங்கள் மினி பஸ்ஸில் வேலூர் பார்க்கக் கிளம்பினோம்,
சாயர்புரம் பக்கத்து ஒரு சின்னச் சபையின்
வாலிபர் ஐக்கியம், இருபத்து மூன்று பேர்.

எண்ணுவது என் வேலை.
செயலாளர் என்றால் வேறொன்றுமில்லை.
ஏறும்போது ஒருமுறை, இறங்கியபின் ஒருமுறை,
விரலை நீட்டாமல் தலைகளை எண்ண வேண்டும்.

கோட்டை வாசலில் இருபத்து நாலு வந்தது.
வெயில் என்று நினைத்துத்
திரும்ப எண்ணினேன்.
இருபத்து நாலு.

எங்கள் கழுத்தில் தொங்குவதுபோலவே
அவன் கழுத்திலும் ஓர் அட்டை.
எங்களுடையதில் ஒரு புறா, அடியில் வசனம்.
அவனுடையதில் வார்டு எண்,
மை பரவிய ரப்பர் முத்திரை.

ராஷ்டிரபாஷாவில் இரண்டு மார்க்கில் தவறிய ஜெபகனி
பேசிப் பார்த்தாள்.
மால்டாவாம். அம்மாவை உள்ளே கொண்டுபோயிருக்கிறார்களாம்.
நாலு மணிக்குச் சொல்வார்களாம்.
என்ன சொல்வார்கள் என்று கேட்க
அவளிடம் இந்தி இல்லை.
டீ குடிக்க வெளியே வந்தவன்
தன் வயதில் ஒரு கூட்டம் சிரித்துக்கொண்டு போவதைப் பார்த்து
பின்னாலேயே நடந்திருக்கிறான்,
அவ்வளவுதான்.

"இருந்துட்டுப் போட்டும்ல" என்றான் செல்வின்.

அகழித் தண்ணீர் பச்சையாய்ப் படுத்திருந்தது.
எல்லோரும் படத்தில் விழ வேண்டும் என்பதால்
செல்போன்களை ஒவ்வொன்றாய் அவனிடமே கொடுத்தோம்.
மதிலோரம், பீரங்கியோரம்,
பூட்டியிருந்த ஆலயத்தின் முன்னால்.
ஒவ்வொரு முறையும் கையை உயர்த்தி
ஏதோ எண்ணினான் வங்காளத்தில்.
மூன்று என்று நாங்களாகவே புரிந்துகொண்டு பல்லைக் காட்டினோம்.

ஜலகண்டேஸ்வரர் கோயிலருகே ஐயா தொண்டையைச் செருமினார்:
"மண்டபத்துச் சிற்பம் மட்டும். அது சரித்திரம்."
சரித்திரத்தை நம்பி எல்லோரும் செருப்பைக் கழற்றினோம்.
யாளிகளின் வாய்க்குள் நாங்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கையில்
அவன் உள்ளே போய்விட்டான்.
வெகுநேரம் கழித்து வந்தான், நெற்றியில் திருநீறு,
கண் சிவந்திருந்தது.
ஐயா அவனையே பார்த்தார்.
பிறகு தன் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகி
நீட்டினார்.

பாலாற்றுப் பாலத்தடியில் சோறு.
ஆறு முழுக்க மணல்,
மணலில் எருமைக் குளம்படி.
தாமிரபரணிக்காரர்களுக்கு அதைப் பார்த்து
என்ன பேசுவதென்று தெரியவில்லை.
எலுமிச்சைச் சாதப் பொட்டலம் இருபத்து மூன்று.
ஆளுக்கொரு கை அள்ளி வைத்ததில்
எல்லோரையும்விட அவன் இலையில்தான் அதிகம்,
மேலே நான்கு அவித்த முட்டை.
"ஐந்தப்பம், இரண்டு மீன்..." என்று யாரோ தொடங்க
"சும்மா இருல, தின்னட்டும்" என்றான் செல்வின்.

மார்க்கெட்டில் ஜெபகனி
முள் கத்தரிக்காய் இரண்டு கிலோ வாங்கினாள்.
அம்மாவுக்காம்.
அந்தச் சொல் அவனுக்கும் புரிந்திருக்க வேண்டும்.
பையை வாங்கி பஸ்வரை அவனே தூக்கி வந்தான்.

மூன்றே முக்காலுக்கு ஆஸ்பத்திரி கேட்டில் இறக்கிவிட்டோம்.
கையைச் சட்டையில் துடைத்து
டிரைவர் உட்பட எல்லோருக்கும் கைகொடுத்தான்.
காவலாளியிடம் அட்டையைக் காட்டினான்,
திரும்பிப் பார்க்காமல் ஓடினான்.

பெயர் கேட்கவில்லை.
அது இரவில்தான் உறைத்தது,
பந்தலில் ஜெபக் குறிப்புக்குத்
துண்டுச் சீட்டு கொடுத்தபோது.
"மால்டா. அம்மா. நாலு மணி"
என்று எழுதி மடித்தேன்.
பெட்டி நிரம்பியிருந்தது.
விரலால் அழுத்தி உள்ளே தள்ள வேண்டியிருந்தது.

மறுநாள் ஊருக்குப் புறப்படுகையில்
"எல்லாரும் வந்தாச்சா?" என்றார் ஐயா.
எண்ணினேன். இருபத்து மூன்று.
இன்னொருமுறை எண்ணினேன்.
"என்னப்பா?"
"வந்தாச்சு ஐயா."

இடம் போதாமல்
கத்தரிக்காய்ப் பையை என் மடியில் வைத்திருந்தார்கள்.
திருவண்ணாமலை தாண்டியும்
துணிப்பையைத் துளைத்து
குத்திக்கொண்டே வந்தது.