முளைக்குச்சி

ஹெக்டேருக்கு முந்நூற்றிருபது யூரோ
நான் ஓர்ட்ரூட்டுக்குக் கட்டுவது.
ஹுன்ஸ்ரூக் மேட்டில் கல் பொறுக்கி
உருளைக்கிழங்கு போட்ட நிலம்.

காற்றாலைக் கொம்பனி தருவதாகச் சொன்னதை
மேசைத்துணியில் விரலால் எழுதிக் காட்டினாள்,
பூச்சியங்களைக் கொஞ்சம் மெதுவாக.

இருபத்தைந்து வருசம்.
பதினாறாம் பிரிவு: கழற்றிப் போகும்போது
கொங்கிரீட்டையும் எடுத்துப் போவார்களாம்.
எவ்வளவு ஆழம் வரை என்றேன்.
மூக்குக்கண்ணாடியைத் தேடினாள்.

காற்றுள்ளபோதே தூற்றிக்கொண்டாள்.
மை காய்வதற்குள் ஊரும் அவளைத் தூற்றியது:
பேக்கரி வரிசையில், ஒரு சவ அடக்கத்தில்,
எல்லாரையும்விடச் சத்தமாக
பக்கத்து வயல் ஃபோல்க்மார்.

மார்ச்சில் பறவை எண்ண ஒருத்தி வந்தாள்.
ஓர்ட்ரூட்டின் ஓக் மரத்தில்
செம்பருந்துக் கூடு.
சிவப்புத் தலை முளைக்குச்சி
அறுநூறு மீட்டர் நடந்துபோய்
ஃபோல்க்மாரின் வயலில் நின்றது.

அவர் இப்போது எல்லாருக்கும் வணக்கம் சொல்கிறார்.

சாயங்காலங்களில் ஓர்ட்ரூட் வேலியோரம் வருவாள்.
அங்கே சுற்றும் இறக்கையின் நிழல்
என் பாத்திகளை வெட்டி வெட்டிக் கடந்து
அவள் சப்பாத்தில் ஏறி இறங்கும்.
மரத்தை அண்ணாந்து பார்ப்பாள்.
ஒன்றும் சொல்ல மாட்டாள்.

நேற்று ஐந்து கிலோ கிழங்கு கேட்டாள்.
நிறுத்துக் கொடுத்தேன்.
காசும் வாங்கிக்கொண்டேன்.