தொடுவதற்கு முன்

கண்ணாடிக் கம்பியின் பின்முனையால்
ஒவ்வொரு பல்லாகத் தட்டிப் பார்ப்பேன்.
இருபத்திரண்டு வருடம்,
இதே குத்தாயிஸி, இதே சாய்வு நாற்காலி.
தொடுவதற்கு முன்பே அலறுகிறவர்களுக்கு
அநேகமாக அந்தப் பல்லில் ஒன்றுமிருக்காது.
நிஜமாகவே வேர் அழுகியவர்கள் சத்தம் போடுவதில்லை.
மூச்சு ஒரு கணம் நிற்கும்.
காலுறைக்குள் கட்டைவிரல் மட்டும்
மெல்ல விறைத்துக்கொள்ளும்.
வாயைப் பார்த்துக்கொண்டே
காலைக் கவனிக்கப் பழகியவள் நான்.

அதெல்லாம் கிளினிக்கில்.

ஞாயிறு விருந்தில் ஓத்தியா கோப்பையோடு எழுந்து
இறந்துபோன அண்ணனுக்காகப் பேசினான்.
"தொண்ணூற்று நாலில்..." என்றான்.
"தொண்ணூற்று மூன்று" என்றேன் நான்,
கத்தரிக்காய்த் தட்டை நகர்த்தியபடி.
மேஜையில் பதினோரு பேர். யாரோ சிரித்தார்கள்.
மிச்சத்தைச் சொல்லாமலே
குடித்துவிட்டு உட்கார்ந்தான்.

இரவு, தட்டுகளைத் துடைத்துக்கொண்டே
"வருஷத்தைத் திருத்தினாய், லம்ஸீரா" என்றான்.
அவ்வளவுதான்.

"நான் வாயே திறக்கக் கூடாதா?
உன் சொந்தக்காரர்களுக்கு மூன்று நாளாகச் சமைத்தது யார்?
உங்கள் வீட்டில் எப்போதும் குற்றவாளி நான்தான்!"
கூப்பிட்ட குரலுக்கு வந்தது கண்ணீர்.
ஈரத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு
அவன்தான் என்னைத் தேற்றினான்.
மன்னிப்பும் அவன்தான் கேட்டான்.
நானும்
மன்னித்தேன்.

இன்று காலை, ஏழு வயது கோச்சா
நாற்காலி அதிர வீறிட்டான்.
"இன்னும் தொடவேயில்லையே, கண்ணா" என்றேன்.
சொன்ன வாய் மூடவில்லை.
கையுறைக்குள் விரல்கள் வியர்த்தன.
"பெரிய ஓட்டையா, டாக்டர்?" என்று
அவன் அம்மா பயந்து எழுந்தாள்.

ஒன்று சொல்ல வேண்டும்:
என் கண்ணீர் பொய்யில்லை. கரித்தது.
பயத்துக்கும் உப்பு உண்டு,
அதை வலி என்று நம்பி
இத்தனை நாள் விற்றிருக்கிறேன்,
அவனும் வாங்கியிருக்கிறான்.

சாயங்காலம் எதிரே உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்தான்.
விழாத கரண்டியை எடுக்கக் குனிந்தேன்.
சாம்பல் நிறக் காலுறை. கட்டைவிரல்.

"பாதியில் விட்டாயே,
உன் அண்ணனைப் பற்றி. மிச்சத்தைச் சொல்."

ஒயின் தீர்ந்துபோயிருந்தது.
இந்த ஊரில் யாரும் சோடாவைத் தூக்கி
இறந்தவரை நினைப்பதில்லை.
பச்சைச் சோடாவை ஊற்றிக்கொண்டு
எழுந்து நின்றான், ஒரே ஒருத்திக்காக.
மறுபடியும் தொண்ணூற்று நாலு.
நாக்கு நுனிவரை வந்த மூன்றை
மென்று விழுங்கினேன்.
ஒரு வருடம் கூடுதலாகத்தான்
இருந்துவிட்டுப் போகட்டுமே, அந்த அண்ணன்.