குதிகால் பிடிக்கிறவன்

செவ்வாய்க்கிழமை. வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
தண்டர் பேயில் கார்கள் இருமித்தான் எழும்பும்.
பாதம் பார்க்கிற அறையில் நானும்
ஒரு முக்காலியும் வளைகிற விளக்கும்.

வேலை இதுதான்:
சர்க்கரை தின்ற கால்களை மடியில் வாங்கி
நகம் வெட்டி, காய்ப்புச் சீவி,
நைலான் இழையால் அங்கங்கே தொட்டு
தெரியுதா, இங்கே தெரியுதா என்று கேட்க வேண்டும்.
தெரிகிறது என்று பொய் சொல்கிறவர்களை
இழை வளைவதற்கு முன்பே கண்டுபிடித்துவிடுவேன்.

முதலில் ஒரு பின்லாந்துக்காரர், காட்டில் மரம் அறுத்தவர்.
ஜாக்கோ என்று கூப்பிட்டேன்.
யாக்கோ, என்று திருத்தினார்.
அட, ஒரு பு மட்டும்தான் குறைகிறது.

கியூபெக்கிலிருந்து வந்த காகித ஆலைக்காரரின்
பெயரில் முதல் ஒலிக்கு நம்மிடம் எழுத்தில்லை.
என் சொந்தக் குறிப்பேட்டில் ழகரத்தைக் கொடுத்தேன்: ழாக்.
கைமாற்றுத்தான். திருப்பிக் கேட்கமாட்டேன்.
பெர்சியன் ரொட்டியைத் தொட்டே மாசமாச்சு என்பார்,
உதட்டோரம் இளஞ்சிவப்புப் பாகு ஒட்டியிருக்கும்.

யாக்கிவ், உக்ரைன். தானியக் கிடங்கில் நாற்பது வருஷம்.
காலுறையை உதறினால் இப்போதும்
கோதுமை விழும் என்பார். விழுந்ததில்லை.

ஹேமிஷ் மட்டும் இந்தக் கூட்டத்தில் சேராதவர்போல இருந்தார்.
அவரே சொன்னார்:
ஸ்காட்லாந்து மலையில் வாசலில் நின்று
கத்திக் கூப்பிடும்போது திரிந்த வடிவமாம் அது.
கூப்பிட்டதையே பெயர் என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்களாம்.
எட்டாம் வேற்றுமை, என்றேன்.
என்ன, என்றார்.
ஒன்றுமில்லை, காலைத் திருப்புங்கள்.

நான் சந்தியாகு.
ஸ்பானிய வாயில் புனிதரும் பெயரும் ஒட்டிக்கொண்டு,
போர்த்துக்கீசியக் கப்பலில் உப்பேறி,
எங்கள் கரையில் இறங்கிய பெயர்.
பத்தாம் வகுப்பு இலக்கணத் தேர்வில் நானே பிரித்து எழுதினேன்:
சந்தி, கூட்டல், ஆகு. நடுவில் யகர உடம்படுமெய்.
இரண்டு மதிப்பெண் கொடுத்தார்கள்.
இங்கே பொறுப்பாளர் லோரேன்
சட்டை அட்டையில் சாண்டி என்று அடித்துவிட்டாள்.
மணல் படிந்தவன் என்று பொருள்.
சரி, கடற்கரைக்காரன்தானே.

எல்லாம் ஒரே பெயர் என்று தாமதமாகத்தான் உறைத்தது,
ஓர் இரவு, பேருந்து வராத நிறுத்தத்தில்.
யாக்கோபு. அண்ணனின் குதிகாலைப் பிடித்துக்கொண்டே பிறந்தவன்.
பெயருக்கே அதுதான் அர்த்தம்.
பயற்றங்கூழை ஊற்றி மூத்த உரிமையை வாங்கினவன்,
கண் தெரியாத அப்பனை ஆட்டுத்தோலால் ஏமாற்றினவன்,
கடைசியில் விடியும்வரை யாரோடோ மல்லுக்கட்டி
நொண்டிக்கொண்டு போனவன்.
அன்றைக்கு மட்டும் பதினோரு குதிகால் பிடித்திருந்தேன்.
தனியாகச் சிரித்தேன். மூச்சு மீசையில் உறைந்தது.

ஜாக்கோமோ கடைசி. கொத்தனார்.
நவம்பரில் இடது காலை
முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.
வலதை முடித்து, களிம்பு தடவி, காலுறை மாட்டினேன்.
அவர் எழுந்திருக்கவில்லை.
இடது குதிகால் அரிக்கிறது, என்றார்.
ராத்திரி முழுக்க.
சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்,
கடன் கேட்க வந்தவரைப்போல.

இதற்குப் பயிற்சியில் ஒன்றும் சொல்லித்தரவில்லை.
முக்காலியை இந்தப் பக்கம் இழுத்தேன்.
மடித்து ஊக்குக் குத்திய கால்சட்டைக்குக் கீழே
இரண்டு கையையும் குவித்து வைத்தேன்,
ஒரு கால் கனத்துக்கு.

இன்னும் கொஞ்சம் கீழே, என்றார்.

இறக்கினேன்.